களப்பணியில் அசந்துபோன நேரம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிராமச் செவிலி
தடுப்பூசி முகாம் முடிகிற நேரம். தட்டம்மை மருந்தில் கடைசிக் குப்பி. கூட வந்த அக்கா, மருந்துப் பொடியைக் கரைக்கிற கரைப்பானுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த வேறொரு குப்பியை எடுத்து ஊசியைச் செருகப் போனார். சட்டென்று கையைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தார். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னை அடையாளம் தெரிய ஒரு நொடி பிடித்தது. அந்தப் பார்வை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. முந்தின ராத்திரி முழுக்கப் பிரசவ வீட்டில் இருந்துவிட்டு நேரே முகாமுக்கு வந்திருந்தார். பட்டியல் போட்டவருக்கும் அது தெரியும்.

வண்டிக்காரன்
எனக்கு ரோட்டின் வெள்ளைக் கோடு இரண்டாகத் தெரிந்தது. "தூங்காம பேசிக்கிட்டே வரேன்" என்று சொன்ன டாக்டர் பக்கத்தில் குறட்டை விடுகிறார். ஜன்னலைத் திறந்தேன், பாட்டைச் சத்தமாக வைத்தேன், ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. ஓரம் கட்டிவிட்டுப் படுத்தேன். அறிக்கை தாமதம் என்று மறுநாள் விளக்கம் கேட்டார்கள்.

மூத்த ஆய்வாளர்
அந்த அக்கா முடியாது என்று வாய் திறந்து சொல்லியிருக்கலாமே? நாங்களும் ராப்பகலாக உழைத்தவர்கள்தான்.

இரவுப்பணி
சார், அது தப்பு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு மந்தமாகிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தான் தடுமாறுவது அவருக்கே சரியாகத் தெரியாது. அவராகச் சொல்லட்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

பதிவேடு
நான் பார்த்தது ஒரு பதிவேடு. ஒரே குழந்தையின் பெயர் அடுத்தடுத்து இரண்டு வரியில். இரண்டாவது வரி கோட்டை விட்டுச் சரிந்து, கடைசி எழுத்து வெறும் கிறுக்கலாக நின்றது.

எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். வேலைக்கு நடுவே குட்டித் தூக்கம் போட்டால் 20 நிமிடம் போதும். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கம் வந்துவிடும், எழும்போது தலை கனக்கும். எழுந்ததும் கால் மணி நேரமாவது ஊசியையோ ஸ்டீயரிங்கையோ தொடாதீர்கள். காபி குடிப்பதானால் படுப்பதற்கு முன்னால் குடியுங்கள். அது வேலை செய்யவே இருபது, முப்பது நிமிடம் ஆகும். சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். விடியலுக்கு முன்னாலும் மதியம் 2 மணிக்கு மேலும் உடம்பு தானாகவே சோரும். நீண்ட பயணத்தை அந்த நேரத்தில் வைக்காதீர்கள். நாசா நீண்ட தூர விமானிகளுக்குப் பறக்கும்போதே முறை வைத்து 40 நிமிட ஓய்வு கொடுத்துப் பார்த்தது. சராசரியாக 26 நிமிடம்தான் தூங்கினார்கள், அதற்கே விழிப்பு நன்றாகக் கூடியது.

கிராமச் செவிலி
நல்ல தகவல், நன்றி. ஆனால் நாசா விமானிக்கு அந்த 40 நிமிடம் அட்டவணையிலேயே இருந்தது, அவர் தூங்கும்போது பார்த்துக்கொள்ள இன்னொரு விமானியும் இருந்தார். எங்கள் அக்காவுக்கு இரண்டும் இல்லை, படுக்க ஒரு பெஞ்சுகூட இல்லை. ஆய்வாளர் சார், நீங்கள் உழைத்ததை யாரும் மறுக்கவில்லை. இப்போது ராத்திரி அழைப்புக்குப் போனவர் பெயரை மறுநாள் பட்டியலில் நாங்களே அடித்து, மாற்று ஆள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம். இதுவரை யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை.