வைகாசித் திருவிழாவுக்கு கன்னியாகுமரி வர்றோம், தேரா தெப்பமா?

சேலத்து மருமகன்:
வணக்கம் மக்களே. வீட்டுக்காரிக்கு அகஸ்தீஸ்வரம் பக்கம், கல்யாணம் ஆனதுல இருந்து வருசா வருசம் குமரிக்கு வர்றோம், ஆனா வந்தா சூரிய உதயம், படகு, வள்ளுவர் சிலை, இப்ப புதுசா கண்ணாடிப் பாலம், நாலு போட்டோ, அவ்ளோதான், கெளம்பிடறோம். பகவதி அம்மன் கோயில் வைகாசித் திருவிழாவப் பத்தி மாமியார் வாய் நிறையப் பேசுவாங்க, ஒரு தடவ கூட பாத்ததில்ல. இந்த வருசம் எப்படியாவது பாத்துடணும்னு இருக்கேன். லீவு ரெண்டு நாள்தான் தருவாங்க. எங்கம்மாவும் வர்றாங்க, முட்டுவலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது. பையனுக்கு ஆறு வயசு. தேருக்கு வரதா தெப்பத்துக்கு வரதா, எது நல்லாருக்கும்னு ஊர்க்காரங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வடசேரிக்காரன்:
தம்பி, பத்து நாள் திருவிழா, அதுல ரெண்டு நாள்தான்னா யோசிக்கவே வேண்டாம், ஒம்பதாம் திருவிழாவும் பத்தாம் திருவிழாவும். ஒம்பதுல காலையில தேரு, பத்துல காலையில ஆராட்டு, அதாவது அம்மன் கடல்ல நீராடுறது, ராத்திரி தெப்பம். தேதி வருசா வருசம் மாறும், மே கடைசியில வரும் இல்லன்னா ஜூன் ஆரம்பத்துல வரும், நோட்டீஸ் அடிச்சதும் பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

தேர நேர் ரோட்டுல நின்னு பாக்காதீங்க, ரத வீதி முக்குல ஏதாவது கடைப் படியில எடம் புடிங்க. திரும்புறதுதான் தேரு. கட்டை போடுறவரு ரெண்டு கையிலயும் கட்டையப் புடிச்சுக்கிட்டு குனிஞ்ச வாக்குல சக்கரத்து கூடவே நடந்து வருவாரு, மேல இருந்து ஒரு சத்தம் குடுத்ததும் சரக்குனு அடியில தள்ளுவாரு, சக்கரம் அது மேல ஏறி உரசும்போது மரம் கருகுற வாசனை அடிக்கும், வடம் புடிக்கிறவங்க ஒரு பக்கமா சாஞ்சு இழுப்பாங்க, அவ்ளோ பெரிய தேரு ஒரு குலுக்கு குலுக்கிட்டு பைய மொகத்த திருப்பும். அந்த நேரத்துல வர்ற கொலவையும் மேளமும் இருக்கே, எனக்கு இப்ப எழுதும்போதே மயிர்க்கூச்செறியுது. பையன தோள்ல தூக்கி வச்சுக் காட்டுங்க, சாவுற வரைக்கும் மறக்க மாட்டான்.

கொட்டாரம் அக்கா:
வடசேரித் தம்பி சொல்லுகது எல்லாம் சரிதான், ஆனா முட்டுவலி உள்ள அம்மாவ தேரு கூட்டத்துல கொண்டு நிறுத்தச் சொல்லுகியளே அத என்னால ஒத்துக்க முடியாது. வெயிலு ஒரு பக்கம், நெரிசலு ஒரு பக்கம், எடையில ஒதுங்கணும்னா கூட வழி இருக்காது.

தம்பி நான் சொல்லுகேன் கேளுங்க, மூணாம் திருவிழா நாலாம் திருவிழா மாதிரி வாங்க. கூட்டம் கம்மி. சாயந்திரம் நடை தொறந்ததும் அம்மன நிதானமா கும்பிடலாம், அந்த மூக்குத்தி வெளிச்சத்த அம்மா அவசரம் இல்லாம பாக்கட்டும், தள்ளு தள்ளுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் ஆன்மிக உரை, பாட்டுக் கச்சேரி, பிள்ளைங்க பரதநாட்டியம்னு ஏதாவது ஒண்ணு நடக்கும், உக்காந்து பாக்கலாம். ராத்திரி அம்மன் வாகனத்துல வெளிய வரும்போது தெருவுல உள்ளவங்க வாசல் தெளிச்சு கோலம் போட்டு வெளக்கு வச்சுட்டு நிப்பாங்க. ஒவ்வொரு வீட்டு முன்னாலயும் நின்னு நின்னு வரும், நம்ம வாசலுக்கே வந்து நம்மளப் பாத்துட்டுப் போற மாதிரி இருக்கும். எனக்கு தேர விட அதுதான் திருவிழா.

ஆம்பிளைங்க சட்டையக் கழத்திட்டுதான் உள்ள போணும், பையனுக்கும் முன்னாலயே சொல்லி வையுங்க, சில பிள்ளைங்க அழும்.

சேலத்து மருமகன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்ப கொழப்பம் ஜாஸ்தி ஆயிடுச்சு, ரெண்டுமே பாக்கணும் போல இருக்கு. இன்னொண்ணு, கொடியேத்துக்கு கயிறு சர்ச்சுக்குப் போற மீனவங்க குடுப்பாங்கன்னு மாமியார் சொன்னாங்க, நெசமாவா?

கடக்கரைப் பய:
நெசம்தான் அண்ணே. கொடிமரக் கயிறு எங்க கடக்கரையில உள்ள கிறிஸ்தவ மீனவங்க கையால போறதுதான் வழக்கம். கொடியேத்துக்கு முந்தி மேளதாளத்தோட கொண்டு போய் குடுப்பாங்க, கோயில்லயும் மரியாதையா வாங்கிக்கிடுவாங்க. அப்புறம் மாத்தூர் மடத்து தந்திரி, அதாவது தலைமைப் பூசாரி, வந்து கொடி ஏத்துவாரு. 1956 வரைக்கும் நாம திருவிதாங்கூரோட இருந்தோம்லா, அதான் பூசை மொறையெல்லாம் மலையாள வழி, ஆராட்டுனு சொல்றதும் அதனாலதான். நாங்க கோயிலுக்கு உள்ள போறதில்ல, ஆனா தேரு அன்னைக்கு எங்க வீட்டுப் பிள்ளைங்க யாரும் வீட்டுல கெடையாது. டிசம்பர்ல எங்க அலங்கார உபகார மாதா கோயில் திருநாளுக்கு அம்மன் கோயில் தெருக்காரங்க குடும்பத்தோட வருவாங்க. ஒரு தடவ அதுக்கும் வாங்க.

எங்கிட்ட கேட்டா பத்தாம் நாள விட்டுராதீங்க. முக்கடல்ல ஆராட்டு முடிஞ்சு அம்மன் திரும்பும்போது கெழக்கு வாசல் தொறப்பாங்க. மூக்குத்தி வெளிச்சத்த வெளக்குன்னு நெனச்சு கப்பல் பாறையில மோதிருச்சுன்னு கத சொல்லுவாங்கல்லா, கடலப் பாத்த அந்த வாசல்தான். வருசம் முழுக்க அடச்சுதான் கெடக்கும், மொத்தம் அஞ்சு விசேசத்துக்குதான் தொறக்கும், தை அமாவாசை, ஆடி அமாவாசை மாதிரி. அதுல ஒண்ணு இது.

வடசேரிக்காரன்:
அக்கா சொன்னதும் ஞாயம்தான், அம்மாவ நெனச்சா. அப்பிடின்னா இப்பிடிப் பண்ணுங்க தம்பி, ஒம்பதாம் திருவிழா அன்னைக்கு நீங்களும் பையனும் மட்டும் காலையிலயே தேருக்கு வந்துருங்க, அம்மாவும் வீட்டம்மாவும் அகஸ்தீஸ்வரத்துல இருக்கட்டும், பக்கம்தான. மறுநாள் ஆராட்டுக்கு பாத்துக்கிடுங்க, முடிஞ்சா கூட்டிட்டு வாங்க, இல்லன்னா தெப்பத்துக்கு மட்டும். தெப்பம் ராத்திரிதான் சுத்தும், சாயந்திரமே போயி கொளத்துப் படிக்கட்டுல அம்மாவ உக்கார வச்சிட்டா எந்திரிக்கவே வேண்டாம், அம்மன் அலங்கார விளக்கோட சுத்தி சுத்தி அவங்க முன்னாலயே வரும்.

காரு எடுத்துட்டு வராதீங்க, தேரு அன்னைக்கு ஊருக்குள்ள விட மாட்டாங்க. நாகர்கோவில்ல இருந்து வந்தா அண்ணா பஸ் ஸ்டாண்டுலயே டவுன் பஸ் கெடைக்கும். குடை கண்டிப்பா வேணும், அந்த சமயம் நம்ம பக்கம் திடீர்னு சாரல் புடிக்கும்.

கொட்டாரம் அக்கா:
இது நல்ல யோசனை. அம்மாவுக்கு உக்கார ஒரு பாய் கையோட எடுங்க, படி வெயிலு குடிச்சு சூடா கெடக்கும். வர்ற வழியில நுங்கு விப்பாங்க, மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கிடுங்க, பையன் பசின்னு அழ மாட்டான்.

சேலத்து மருமகன்:
சூப்பர், அப்படியே பண்றேன். லீவு சொல்லிட்டு நோட்டீஸ் வந்ததும் டிக்கெட் போட்டுட்டு இங்கயே சொல்றேன். மாமியார் இப்பவே அம்மாவுக்கு போன் பண்ணி என்ன சேல கட்டணும்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க.