கறிவேப்பிலை கறுத்துப்போச்சு, புதினாவில் பூசணம்: பனி விழறதுக்குள்ள என்ன செய்யலாம்?

தொட்டிச்செடி:
கனடாவில், டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கோம். பேக்யார்டில் கொத்தமல்லி, புதினா, பேசில் எல்லாம் காடா நிக்குது. தொட்டியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலை. வியாழன் ராத்திரி உறைபனின்னு போன் சொல்லுது.

போன வருஷம் நான் அடிச்ச கூத்தைச் சொல்லிடறேன். புதினாவைப் பெரிய கட்டாக் கட்டி பேஸ்மெண்ட்டில் தொங்கவிட்டேன், கட்டுக்கு நடுவில் பூசணம். கொத்தமல்லியை ஓவனில் காயவெச்சேன், ரசத்தில் போட்டா வைக்கோல் வாசம். கறிவேப்பிலையைக் கழுவின கையோட ஃப்ரீசரில் போட்டேன். ஒரே ஐஸ் கட்டி. வெளியே எடுத்துவெச்ச பத்து நிமிஷத்தில் கறுத்துத் தொளதொளன்னு ஆயிடுச்சு.

இந்தத் தடவை பேசிலையும் பூண்டையும் ஆலிவ் எண்ணெயில் போட்டு, பாட்டிலை இறுக்க மூடி, நேத்துதான் கிச்சன் ஷெல்ஃபில் வெச்சேன். பார்க்க அழகா இருக்கு. இதாவது உருப்படுமா?

கரண்டி:
மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல அந்தப் பாட்டிலைக் குப்பையில் போடுங்க. நக்கிக்கூடப் பார்க்காதீங்க.

பூண்டிலும் இலையிலும் மண்ணிலிருந்து வர்ற பாட்டுலிசம்ங்கற கொடிய உணவு விஷ நோயோட கிருமியின் வித்துகள் இருக்கலாம். அதுக்குக் காத்து ஆகாது, புளிப்பும் ஆகாது. எண்ணெய்க்குள்ள காத்தும் இல்லை, புளிப்பும் இல்லை, கிச்சன் சூடு வேற. அதுக்கு மாமியார் வீட்டு விருந்து மாதிரி! விஷம் ஊறினாலும் வாசனையிலோ ருசியிலோ தெரியணும்னு இல்லை. 1985-ல் வான்கூவரில் ஒரு உணவகத்தில் ஃப்ரிட்ஜில் வைக்காத எண்ணெய்ப் பூண்டால் 36 பேருக்கு இந்த நோய் வந்தது. எண்ணெயில் போடணும்னா ஃப்ரிட்ஜில் வெச்சு நாலு நாளுக்குள்ள முடிச்சிடுங்க, இல்லைன்னா நேரா ஃப்ரீசர்.

தொட்டிச்செடி:
ஐயோ, பக்கத்து வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுக்கறதா இருந்தேன். இப்பவே போடறேன்.

மார்க்கம் அன்ரி:
பிள்ளை, கறிவேப்பிலைக்கு ஈரம்தான் எதிரி. கழுவினால் துவாயிலை பரப்பி ஒரு இரவு விடுங்கோ, சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. நெட்டோடையே (காம்போடை) ஜிப்லொக் பையிலை போட்டு, காத்தை அமத்தி வெளியேத்திப்போட்டு ஃப்ரீசரிலை வையுங்கோ. சமைக்கேக்கை வெளியிலை எடுத்து வைச்சு இளக விடாதேங்கோ, அதாலைதான் உங்கடை இலை கறுத்தது. ஃப்ரீசரிலை இருந்து நேரே கொதிக்கிற எண்ணெய்க்கை போடவேணும், வெடிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. நான் ரம்பை இலையையும் இப்பிடித்தான் வைக்கிறனான்.

கறிவேப்பிலை மரத்தை வியாழன் வரைக்கும் வெளியிலை விட்டு வையாதேங்கோ. இரவிலை 10 டிகிரிக்குக் கீழை போகமுந்தி உள்ளுக்கு எடுக்கிறதுதான் நல்லது. உள்ளுக்கு வந்தாப்பிறகு இலை கொட்டும், பயப்பிடாதேங்கோ. பயத்திலை தண்ணியை ஊத்தினால்தான் வேர் அழுகும்.

அரைக்கீரை:
கொத்தமல்லியைக் காயவெக்கறதே வீண் வேலை. அதோட வாசனை காயும்போதே ஆவியாப் போயிடும். தண்டோட, ரெண்டு ஸ்பூன் தண்ணி மட்டும் விட்டு அரைச்சு, ஐஸ் ட்ரேயில் ஊத்தி உறையவெச்சு, கட்டிகளைப் பையில் மாத்திடுங்க. ரசம் இறக்கும்போது ஒரு கட்டி. மேலே தூவ ஆகாதுதான், ஆனா வாசம் அப்படியே நிக்கும்.

புதினா காயும். கட்டுதான் தப்பு: அஞ்சாறு தண்டுக்கு மேல சேர்த்துக் கட்டாம, ஓட்டை போட்ட பேப்பர் பையில் தலைகீழா, காத்தாடற இடத்தில் தொங்கவிடுங்க. பேஸ்மெண்ட் வேண்டாம். கையில் நொறுங்கினா ஆச்சு. ஓவன் பெரும்பாலும் 170 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காது, இலைக்கு அது கொள்ளி. 100 பக்கம் இருந்தாப் போதும், டீஹைட்ரேட்டர் இருந்தா வசதி. காய்ஞ்சது 1 ஸ்பூன், பச்சையில் 3 ஸ்பூனுக்குச் சமம். பிரியாணியில் அள்ளிக் கொட்டிடாதீங்க.

பேசிலை முதல்ல பறிங்க, குளிருக்கு அதுதான் முதல்ல சாகும். ஃப்ரிட்ஜில் வெச்சாலே கறுக்கும். கொதிக்கிற தண்ணியில் பத்து செகண்ட், உடனே ஐஸ் தண்ணி, பிழிஞ்சு எண்ணெயோட அரைச்சு ஃப்ரீசர். (நம்ம திருநீற்றுப்பச்சிலைதான் அது. ஃபலூடாவில் மிதக்கற சப்ஜா அதோட விதை.)

தொட்டிச்செடி:
சனிக்கிழமை நிலவரம். பேசில் பச்சைக் கட்டியா ஃப்ரீசரில் இருக்கு, நிறம் கொஞ்சம்கூட மாறலை. கொத்தமல்லி ரெண்டு ட்ரே. கறிவேப்பிலையை புதன்கிழமையே உள்ளே ஏத்தியாச்சு. ஜன்னலோரம் இடம் பண்ண சோபாவைத் தள்ளினதில் வீட்டுக்காரருக்குக் கோபம். ஆனா இலையெல்லாம் ஒரே பிசுபிசுப்பா இருக்கே அன்ரி?

மார்க்கம் அன்ரி:
இலையைத் திருப்பி நரம்போரம் பாருங்கோ. பழுப்புச் செதில் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது பூச்சி. நகத்தாலை சுரண்டிப்போட்டு, சவுக்காரத் தண்ணியிலை துடையுங்கோ. சோபாவிலை முட்டாமல் வைச்சிருங்கோ, அந்தப் பிசின் துணியிலை பட்டால் அவருக்கு இன்னும் கோபம் வரும்.