'ராக்கர்' என்பதற்கு நெடுக்குவளைவு: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

ஆற்றிலும் ஏரியிலும் ஓட்டத்தக்க தோணியைத் தேர்வு செய்வது பற்றிய கையேட்டைத் தமிழாக்கும்போது எழுந்த, 'ராக்கர்' (rocker) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற சிக்கலுக்கு இதுவரை 'ஆட்டவளைவு', 'முனையேற்றம்' என்ற இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். தோணியைச் சமதரையில் நிமிர்த்தி வைத்தால் அதன் நடுப்பகுதி தரையில் படிந்திருக்க, அடிக்கோடு (அடிப்புறத்தின் நடுவே நீளவாக்கில் ஓடும் கோடு) இரு முனைகளை நோக்கி மெல்ல மேலெழும். அந்த வளைவே ராக்கர். சோழவந்தான் பக்கத்துக் கண்மாயில் சிறுவயதில் நாங்கள் தென்னம்பாளையையும் வாழைமட்டையையும் மிதக்கவிட்டுப் பந்தயம் வைப்போம். இரு நுனியும் தூக்கிய பாளை, விரலால் தொட்டாலே சுழன்று திசை மாறிவிடும். நேராக நறுக்கிய மட்டையோ தள்ளிய திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். பாறைகளுக்கிடையே சட்டென்று திரும்ப வேண்டிய ஆற்றுத்தோணிக்குப் பாளையின் குணம் வேண்டும். காற்று பக்கவாட்டில் தள்ளும் கொடைக்கானல் ஏரி போன்ற பரப்பில் நேராகச் செல்ல மட்டையின் குணம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே தோணி என்றால் ஏறத்தாழ 16 அடி நீளமும், ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரையிலான மிதமான ராக்கரும் பொதுவாகப் பொருந்தும்.

'ஆட்டவளைவு' என்பது சாய்ந்தாடும் நாற்காலியின் வளைகாலை நினைத்து ஆக்கப்பட்ட சொல். நம் வீடுகளில் பிள்ளையை ஆட்டும் தூளி உத்தரத்தில் தொங்குவது. அதற்கு வளைகால் கிடையாது என்பதால் உவமை நம்மிடம் வேர்பிடிக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை, படிப்பவர் இதைத் தோணி பக்கவாட்டில் தள்ளாடுவதோடு தொடர்புபடுத்திக்கொள்வார் என்பது. தள்ளாட்டத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை தோணியின் அகலமும் அடிப்புறத்தின் குறுக்கு வடிவமும். தட்டையான அடி அமைதியான நீரில் ஏறியவுடன் உறுதியாகத் தோன்றினாலும், அலை பக்கவாட்டில் வந்தால் அலையோடு சேர்ந்து சாயும்; சற்றே குவிந்த அடி தொடக்கத்தில் ஆடினாலும், சாய்ந்த பிறகு பிடித்து நிற்கும். ஆற்றுக்கும் ஏரிக்கும் பொதுவான தோணிக்கு இந்த மெல்லிய குவிவையே பலரும் விரும்புகிறார்கள்.

'முனையேற்றம்' அழகான சொல், எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் தோணியின் மேல்விளிம்பும் முனைகளில் உயர்ந்தே இருக்கும். அந்த உயரத்துக்கும் ராக்கருக்கும் தொடர்பில்லை. அடிக்கோடு முழுக்க நேராகவும் முகப்பு உயர்ந்தும் இருக்கும் தோணிகள் உண்டு. கடையில் தோணியைப் பார்க்கும் ஒருவர் உயர்ந்த முகப்பைக் கண்டு 'முனையேற்றம் அதிகம்' என்று எண்ணி, திரும்பவே மறுக்கும் தோணியை வாங்கிவிடக்கூடும். 'அடியேற்றம்' என்று திருத்தினாலும் சிக்கல் தீராது. நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் அடிப்புறம் உயரும் சாய்வுக்கே அந்தச் சொல் கூடுதலாகப் பொருந்தும்.

ஆகவே 'நெடுக்குவளைவு' என்பதை முன்மொழிகிறேன். நெசவுத்தறி முதல் வரப்பு வரை நெடுக்கும் குறுக்கும் நம் பேச்சில் இணையாகவே புழங்குகின்றன. அடிப்புறம் பக்கவாட்டில் கொள்ளும் வளைவைக் 'குறுக்குவளைவு' என்றால், தோணி வாங்குபவர் தனித்தனியே பார்க்க வேண்டிய இரண்டும் குழப்பமின்றிப் பிரிந்துவிடும். எண்ணும் இதனோடு இயல்பாகச் சேர்கிறது: 'ஒன்றரை அங்குல நெடுக்குவளைவு'. சில தோணிகளில் முன்பக்க வளைவு அதிகமாகவும் பின்பக்க வளைவு குறைவாகவும் இருக்கும். அவற்றுக்கு 'முன்நெடுக்குவளைவு', 'பின்நெடுக்குவளைவு' என்று எழுதலாம். சற்று நீளம்தான், ஆனாலும் பொருள் மயங்காது. (நெடுக்கு, குறுக்கு என்ற பேதமே இல்லாத ஒகேனக்கல் பரிசலை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

மேல்விளிம்பின் உயர்வுக்கு 'விளிம்பேற்றம்' என்று வைத்துக்கொண்டால், 'முனையேற்றம்' சொன்ன நண்பரின் 'ஏற்றமும்' வீணாகாது. கையேட்டின் மூன்றாம் பகுதியை இச்சொற்களை வைத்தே எழுதிப் பார்க்கிறேன்; எங்காவது வாக்கியம் முரண்டு பிடித்தால் அந்த வாக்கியத்தையே இங்கே இடுகிறேன்.