கொசுவின் வால் நுனியில் ஒரு சொட்டு

போன வாரம் முன்கையில் உட்கார்ந்த கொசுவை அடிக்காமல் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி நிற்கும் சாதி, அனோபிலஸ். வயிறு சிவந்து உப்புகிறது. பின்முனையில் இளஞ்சிவப்பாக ஒரு சொட்டு. விழாமல் அங்கேயே தொங்குகிறது. குடித்ததை வெளியே தள்ளிவிட்டு மறுபடி குடிக்கிறதே, என்ன பேராசை என்று நினைத்தேன்.

தேடிப் படித்தபின்தான் புரிந்தது, அது ஏறக்குறைய வியர்வை. கொசுவுக்கென்று சொந்தச் சூடு கிடையாது. 37 டிகிரி ரத்தத்தை ஓரிரு நிமிடத்தில் வயிறு முட்டக் குடித்தால் உடம்பு திடீரென்று கொதிக்கும். சிறுநீரும் புது ரத்தமும் கலந்த அந்தச் சொட்டு ஆவியாகி வயிற்றைக் குளிர வைக்கிறது. அனோபிலஸ் ஸ்டீபென்சி என்ற இனத்தை வெப்பக் கேமராவில் பிடித்து 2012இல் லாஒண்டேர், லாசாரி என்ற ஆய்வாளர்கள் இருவர் இதைக் காட்டியிருக்கிறார்கள். இவ்வளவையும் படித்துவிட்டு அடுத்த கொசுவை அடித்துவிட்டேன், அது வேறு கதை.

*

உங்களுக்குக் கொசு என்றால், எனக்கு மூட்டைப்பூச்சி அனுபவம். கட்டிலை நாள் முழுக்க வெயிலில் போட்டேன். மேல்பலகையில் கை வைக்க முடியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று சாயங்காலம் திருப்பிப் பார்த்தால், அத்தனையும் அடிப்பக்கம், சட்டம் பொருந்தும் இடுக்கில், உயிரோடு! மெதுவாகச் சூடேறினால் நகர்ந்துகொள்ள அவகாசம் கிடைத்துவிடுகிறது. அது சாக வேண்டுமானால் 50 டிகிரி அதன் உடம்பையே தொட வேண்டும். முட்டைக்கு இன்னும் கொஞ்சம் கூட. துணிகளை டிரையரில் போட்டதுதான் பலித்தது. ராத்திரி நம் உடம்புச் சூட்டை மோப்பம் பிடித்து வரும் அதே பூச்சிதான் இது.

*

மேலே மூட்டைப்பூச்சி அனுபவம் சொன்ன நண்பருக்கு: படிக்கிற காலத்தில் ஆய்வகத்தில் ரோட்னியஸ் வளர்த்திருக்கிறேன், தென் அமெரிக்காவில் சாகஸ் என்ற நோயைப் பரப்பும், ரத்தம் குடிக்கும் பூச்சி, மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் உள்ள தகட்டில் விட்டால், தனக்கு ஒத்துவரும் இடத்தைத் தானே தேடிப் போய் உட்காரும், 25 டிகிரியை ஒட்டி. பட்டினி நாள் கூடக்கூடக் குளிர்ந்த பக்கம் ஒதுங்கும். சூட்டில் இருந்தால் இருக்கிற சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் அல்லவா! குடிக்கும்போது இது சொட்டு விடுவதில்லை. உள்ளே போகும் சூடான ரத்தமும் அதன் சொந்தக் குருதியும் தலைக்குள் ஒட்டி எதிரெதிரே ஓடுவதால், வயிற்றை எட்டும்முன் சூடு தணிந்துவிடுகிறது.

ஒருநாள் குளிர் மூலையில் செத்தது போலக் கிடந்தவற்றின் ஜாடி வலைமூடிக்கு அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனேன். அத்தனை உணர்கொம்புகளும் என் பக்கம் திரும்பின.