உச்சிப்புளி தோட்டக் குழு: தென்னையடியில் கறுத்துப்போன கறிவேப்பிலை

*கிணற்றடி அக்கா, காலை 6.40*
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கறிவேப்பிலைச் செடியின் படத்தைப் போட்டிருக்கிறேன், பாருங்கள். தை பிறந்ததிலிருந்து இலையெல்லாம் அடுப்புக்கரியை அப்பியதுபோலக் கறுத்துக் கிடக்கிறது. தொட்டால் பிசுபிசுக்கிறது. செடிக்குப் பக்கத்தில் இருக்கும் துவைகல்லும் கறுத்துவிட்டது. நேற்று உரக்கடையில் சொன்னேன், ஒரு புட்டி மருந்து கொடுத்தார்கள். இன்று அடித்துவிடலாமா?

*தோப்பு அண்ணன், 6.52*
தங்கச்சி, புட்டியைத் திறக்காதே. அந்தச் செடிக்கு மேலே தென்னை நிற்கிறதா?

*கிணற்றடி அக்கா, 6.53*
ஆமாம் அண்ணே. இளந்தென்னை. மட்டை கறிவேப்பிலைக்கு மேலேயே கவிந்திருக்கிறது.

*தோப்பு அண்ணன், 6.54*
எட்டும் மட்டையைப் பிடித்து, கீற்றின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் படம் எடுத்து அனுப்பு.

*கிணற்றடி அக்கா, 7.05*
அனுப்பிவிட்டேன். அடிப்பக்கம் முழுக்க வெள்ளையாகச் சுழி சுழியாக இருக்கிறது. கை பட்டதும் சின்னச் சின்ன வெள்ளைப் பூச்சிகள் கலைந்து பறந்தன.

*தோப்பு அண்ணன், 7.21*
நினைத்தது சரிதான். சுருள் வெள்ளை ஈ. உன் கறிவேப்பிலைக்கு நோயே இல்லை. தென்னங்கீற்றின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற பூச்சி, தேன்போன்ற கழிவைச் சொட்டிக்கொண்டே இருக்கும். அது கீழே இருக்கும் இலையிலும் கல்லிலும் படியும். அந்த இனிப்பின்மேல் கரும்பூசணம் வளரும். நீ பார்க்கும் கறுப்பு அதுதான். கறிவேப்பிலைக்கு மருந்து அடித்தால் மேலே இருக்கும் ஈ அப்படியே இருக்கும், உன் வீட்டுக் குழம்பில்தான் மருந்து சேரும்.

இந்தப் பூச்சி நம் நாட்டுப் பூச்சி இல்லை. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் பார்த்தார்கள். பிறகு தென்னை இருக்கிற இடமெல்லாம் பரவிவிட்டது. மழை ஓய்ந்து வெயில் ஏறும்போது பெருகும். இப்போது அதற்கான காலம்.

*பச்சைவீட்டு லாத்தா, 7.30*
எங்கள் கொய்யாவிலும் வாழையிலும் அதே வெள்ளைச் சுழிதான். வாழையிலையில் சோறு வைக்கவே மனம் வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எல்லோருக்கும் உதவும்.

*தோப்பு அண்ணன், 7.48*
சொல்கிறேன் லாத்தா. முதல் வேலை தண்ணீர். மோட்டாரில் குழாய் மாட்டி, கீற்றின் அடிப்பக்கத்தில் படுமாறு வேகமாகப் பீய்ச்சுங்கள். முட்டையும் குஞ்சும் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். சின்ன மரத்துக்கு இதுவே பாதி மருத்துவம். அடுத்தது, மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஆள் உயரத்தில் கட்டுங்கள். ஈ மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். தாளில் தூசி படிந்ததும் துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். நம் கடற்காற்றில் மணல் சீக்கிரம் ஒட்டிவிடும், அதனால் அடிக்கடி பாருங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி. சோப்புக் கரைசலைக் கொஞ்சம் சேர்த்து, வெயில் தணிந்த பிறகு அடியிலையில் படும்படி தெளிக்க வேண்டும்.

ஏற்கெனவே கறுத்த இலைக்கு மைதாக் கஞ்சி. லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா. காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்து ஏடாகும்போது கறுப்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிடும்.

*வாத்தியார் ஐயா, 8.10*
தோப்புக்காரர் சொல்வது முழுக்கச் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வேப்பெண்ணெய் கலக்க நம் ஆழ்குழாய்த் தண்ணீரை எடுக்காதீர்கள். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்துபோகும். எண்ணெய் தனியே மிதக்கும். அதைத் தெளித்தால் ஓர் இலையில் வெறும் தண்ணீரும் அடுத்த இலையில் முழு எண்ணெயும் விழும். எண்ணெய் விழுந்த இலை கருகும். பிறகு "வேப்பெண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். காவிரிக் குடிநீர் வரும் நாளில் ஒரு குடம் எடுத்து வையுங்கள். பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது.

அந்தப் புட்டியில் முக்கோணம் என்ன நிறம் அம்மா?

*கிணற்றடி அக்கா, 8.14*
சிவப்பு, ஐயா.

*வாத்தியார் ஐயா, 8.20*
சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. அதற்குக் கீழே மஞ்சள், நீலம், பச்சை. வீட்டுக்கு அருகே, கிணற்றுக்கு அருகே, சமையலுக்குப் பறிக்கிற செடிக்கு மேலே அதை அடிக்கவே கூடாது. மோனோகுரோட்டோபாஸ் என்கிற பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிப்பதற்கு 2005-லேயே தடை போட்டார்கள். பிள்ளைகள் கை படாத இடத்தில் வைத்து, அப்படியே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

*தோப்பு அண்ணன், 8.31*
நஞ்சை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தங்கச்சி, நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார். வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவே சில கறுப்பாக இருக்கின்றன. அவை செத்தவை. என்கார்சியா என்கிற நுண்ணிய குளவி அவற்றுக்குள் முட்டையிட்டிருக்கிறது. உன் மரத்துக்கு அந்தக் குளவி தானாகவே வந்துவிட்டது. கடுமருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். பிறகு வெள்ளை ஈயைக் கேட்க ஆளே இருக்காது.

*வாத்தியார் ஐயா, 8.40*
பப்பாளி மாவுப்பூச்சி கதையும் அதுதான். 2008-இல் கோயம்புத்தூரில் கண்டார்கள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளை பூத்துப் போயின. மருந்து அடித்து அடித்து ஓய்ந்தார்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது.

*படகு வீட்டுத் தம்பி, 9.15*
கடலிலிருந்து இப்போதுதான் கரைக்கு வந்தேன். எல்லாவற்றையும் படித்தேன். அம்மா கேட்கச் சொன்னார்: எங்கள் முண்டு மிளகாய்ச் செடியில் நுனி இலை சுருண்டு கிடக்கிறது. இதுவும் வெள்ளை ஈயா?

*தோப்பு அண்ணன், 9.22*
இலை மேல்நோக்கிப் படகு மாதிரி வளைந்திருக்கிறதா, கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கிறதா?

*படகு வீட்டுத் தம்பி, 9.23*
மேல்நோக்கி.

*தோப்பு அண்ணன், 9.30*
அப்படியென்றால் இலைப்பேன். கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் மருந்து வேறு. பார்க்காமல் அடிப்பதால்தான் பணம் வீணாகிறது. ஒரு வெள்ளைத்தாளை நுனிக்குக் கீழே பிடித்துத் தட்டினால் நூல் துணுக்குபோல மெலிந்த பூச்சி ஓடும். வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள். லிட்டருக்கு 50 கிராம் கொட்டைப் பருப்பு. இடித்து, துணியில் கட்டி, இரவு ஊறவைத்துப் பிழிந்து, உடனே தெளித்துவிட வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அம்மாவிடம் சொல், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது, நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

*பச்சைவீட்டு லாத்தா, 10.05*
எலுமிச்சைக்கு ஒரு வழி சொல்லுங்கள். இலையின் விளிம்பு எல்லாம் பழுப்பாகக் காய்கிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. அடிப்பக்கமும் பார்த்துவிட்டேன். சுத்தமாக இருக்கிறது.

*வாத்தியார் ஐயா, 10.18*
அடியிலைகளில் முதலில் ஆரம்பித்ததா, நுனித் தளிரில் ஆரம்பித்ததா?

*பச்சைவீட்டு லாத்தா, 10.19*
அடியிலைகளில். நுனியிலிருந்து விளிம்பு வழியாக வந்தது.

*வாத்தியார் ஐயா, 10.34*
அது பூச்சி இல்லை லாத்தா. உப்பு. மழைக்காலத்தில் இளகியிருந்த ஊற்றுத் தண்ணீர் இப்போது கரிக்கத் தொடங்கியிருக்கும். எலுமிச்சை உப்பைத் தாங்காது. இலையில் தண்ணீர் படாமல் வேருக்கு மட்டும் விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில் நிறைய ஊற்றி, உப்பை வேருக்குக் கீழே இறக்கிவிடுவது நல்லது. பிறகு தென்னை மட்டை, காய்ந்த இலை போட்டு மூடாக்கு. கடற்கரையில் ஒதுங்கும் பாசியைப் போடுவதாக இருந்தால் நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டுப் போடுங்கள்.

இந்தக் கரையில் இலை காய்வதில் எவ்வளவோ உப்பால் வருகிறது, நாம் பூச்சியின்மேல் பழி போட்டு மருந்து அடித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது மிகவும் வருத்தம்.

*பச்சைவீட்டு லாத்தா, 10.41*
அல்ஹம்துலில்லாஹ், கடைக்குப் போகவிருந்தேன். நன்றி ஐயா.

*கிணற்றடி அக்கா, 11.20*
கறிவேப்பிலையில் இன்னொன்றும் இருக்கிறது அண்ணே. பறவை எச்சம்போல ஒரு புழு. மகன் அதைக் கொல்லவிட மாட்டேன் என்கிறான்.

*தோப்பு அண்ணன், 11.26*
எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சின்னச் செடியென்றால் கையால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்று. மகன் பார்த்துக்கொள்ளட்டும்.

*தோப்பு அண்ணன், 11.40*
எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். என் தோப்பில் குருத்து மட்டைகள் கத்தரியால் வெட்டியதுபோல விரிகின்றன. காண்டாமிருக வண்டு. நேற்று கம்பி விட்டு இரண்டைக் குருத்திலிருந்து இழுத்தேன். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மேல் மூன்று மட்டையிடுக்குகளில் போட்டும் வைத்தேன். ஆனால் வண்டு பிறப்பது குருத்தில் இல்லை, எருக்குழியில். நம் தெருவில் மூன்று வீட்டுக் குழிகள் கிளறாமல் கிடக்கின்றன. என் குழியைக் கிளறியபோது சுருண்ட வெள்ளைப் புழுக்கள் கையளவு வந்தன. என் மரத்தை நான் மட்டும் காப்பாற்ற முடியாது. வரும் ஞாயிறு காலை எல்லாக் குழிகளையும் சேர்ந்து கிளறலாமா? புழுவைக் கோழிக்குப் போடலாம்.

*படகு வீட்டுத் தம்பி, 11.44*
ஞாயிறு நான் கடலுக்குப் போகவில்லை. மண்வெட்டியோடு வருகிறேன். எங்கள் குழியும் அதில் ஒன்று.

*கிணற்றடி அக்கா, 11.50*
எங்கள் குழி இன்னொன்று. வாருங்கள். தெளிப்பான் யாரிடம் இருக்கிறது? மாலையில் தென்னைக்கு அடிக்க வேண்டும்.

*பச்சைவீட்டு லாத்தா, 11.52*
எங்களிடம் இருக்கிறது. பேரனிடம் கொடுத்துவிடுகிறேன். முடிந்ததும் இரண்டு தடவை கழுவிவிட்டுத் தாருங்கள், அடுத்து எங்கள் கொய்யாவுக்கு வேண்டும்.

*வாத்தியார் ஐயா, 11.58*
மூன்றாவது குழி நம் பள்ளிவாசல் பக்கத்துக் காலி வீட்டுடையது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். நான் இன்று மதியம் பேசி அனுமதி வாங்கிவிடுகிறேன். ஞாயிறு காலை ஏழு மணி.