டல்லாஸில் ஹோல்சேலிங்: 5,000 டாலரோடு ஆரம்பிக்கலாமா?

ஃப்ரிஸ்கோவாசி:
வணக்கம். நான் எச்-1பி வேலை விசாவில், மனைவி எச்-4 (துணைவர் விசா), இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வைத்திருக்கிறார். டல்லாஸ் பக்கம் ரியல் எஸ்டேட் ஹோல்சேலிங் தொடங்கலாமா என்று யோசிக்கிறோம். விற்பவரிடம் ஒப்பந்தம் போட்டு, வீட்டை வாங்காமலேயே அந்த ஒப்பந்தத்தை ஒரு முதலீட்டாளருக்கு மாற்றிக்கொடுத்து, இடையில் ஒரு தொகை எடுப்பது என்ற அளவில் புரிகிறது. யூடியூபில் எல்லோரும் பணமும் வேண்டாம் லைசென்ஸும் வேண்டாம் என்கிறார்கள். எங்களால் 5,000 டாலர் ஒதுக்க முடியும். டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமல் செய்யலாமா? என்ன விலைக்குக் கேட்பது? வாங்க ஆள் கிடைக்காவிட்டால் எவ்வளவு போகும்?

பேப்பர்புலி:
முதலில் விசா, மற்றதெல்லாம் அப்புறம். எச்-1பியில் இருப்பவர் ஸ்பான்சர் செய்த கம்பெனிக்கு மட்டும்தான் உழைக்கலாம். வீடு வாங்கிப் போட்டு வைப்பது முதலீடு. விற்பவருக்கு போன் போடுவது, பேரம் பேசுவது, கையெழுத்து வாங்குவது எல்லாம் வேலை. அதனால் இது உங்கள் மனைவியின் தொழிலாக இருக்க வேண்டும், அதுவும் பேப்பரில் மட்டும் இல்லாமல் நிஜமாகவே. அவர் பெயரில் எல்எல்சி (சிறு கம்பெனி) பதிய டெக்சாஸில் 300 டாலர். இஏடி கார்டு காலாவதியாகி இடைவெளி விழுந்தால் அவரும் அன்றே நிறுத்த வேண்டும். ராத்திரி நீங்கள் "சும்மா உதவிக்கு" போன் பேசுவது கிரீன் கார்டு நேரத்தில் தலைவலி. தொடங்கும் முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

லைசென்ஸ்: டெக்சாஸ் ஆக்குபேஷன்ஸ் கோடில் 1101.0045 என்ற பிரிவு இதற்கென்றே இருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் தன் ஒப்பந்த உரிமையை விற்கலாம், வீட்டை விற்கக் கூடாது. "3 பெட்ரூம் வீடு விற்பனைக்கு" என்று ஃபேஸ்புக்கில் போட்டோவோடு போட்டால் அது புரோக்கர் வேலை. "வாங்கும் ஒப்பந்த உரிமை விற்பனைக்கு, டைட்டில் (சொத்துரிமை) எங்களிடம் இல்லை" என்று எழுத்தில் சொல்ல வேண்டும். வேறொருவருக்கு மாற்றும் எண்ணம் இருப்பதை வீட்டுக்காரரிடமும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்று, யூடியூபர் எந்த மாநிலத்துக்காரர் என்று பாருங்கள். இலினாயில் 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் செய்தால் லைசென்ஸ் வேண்டும். ஓக்லஹோமா 2021இல் தனிச் சட்டமே போட்டது. பென்சில்வேனியாவில் 2025 ஜனவரி முதல் லைசென்ஸ் கட்டாயம்.

போன் விஷயத்திலும் கவனம். டூ நாட் கால் பட்டியலோடு (விற்பனை அழைப்பு வேண்டாம் என்றவர்களின் பட்டியல்) ஒப்பிட்டு நம்பர்களைக் கழிக்காமல் அழைத்தால், டிசிபிஏ என்ற தொலைபேசி அழைப்புச் சட்டத்தில் ஒரு அழைப்புக்கு 500 டாலர், தெரிந்தே செய்ததென்றால் 1,500 வரை கேட்டு வழக்குப் போடலாம். இதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஆட்கள் உண்டு. ஏஐ குரலை வைத்து அழைப்பதும் செயற்கைக் குரல் கணக்கில்தான் வரும் என்று தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2024 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. முன் சம்மதம் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கரிசல்காட்டான்:
விலைக் கணக்கு நான் சொல்றேன். வீட்டைச் சரிபண்ணி வித்தா என்ன விலை போகும்ங்கறது ஏஆர்வி. அதுல 70 சதவீதம் எடுத்து, அதுலருந்து ரிப்பேர் செலவையும் உங்க கூலியையும் கழிச்சா நீங்க கேட்க வேண்டிய உச்ச விலை வரும். உதாரணமா ஏஆர்வி 2,80,000. 70 சதவீதம் 1,96,000. ரிப்பேர் 45,000 போனா 1,51,000. உங்க கூலி 10,000 போனா 1,41,000. அதுக்கு மேல ஒரு டாலர் ஏத்தினாலும் உங்க கூலியிலதான் கை வைக்கணும்.

மீதி 30 சதவீதம் வாங்குறவனுக்கு முழு லாபம்னு நினைக்காதீங்க. மேல சொன்ன கணக்குல அது 84,000. விக்கும்போது ஏஜென்ட் கமிஷனும் க்ளோசிங் செலவும் சேர்த்து சுமார் 21,000. ஹார்டு மணி (முதலீட்டாளர் வாங்குற குறுகிய காலத் தனியார் கடன்) 1,70,000 அளவுக்கு 11 சதவீத வட்டி, 2 பாயிண்ட் (கடன்ல 2 சதவீதம் முன்கட்டணம்), ஆறு மாசம்னா கிட்டத்தட்ட 12,800. வரி, இன்சூரன்ஸ், கரன்ட் ஒரு 6,000. கையில 44,000 நிக்குது. ரிப்பேர் 15,000 எகிறினா 29,000. இதனாலதான் நீங்க ரிப்பேரைக் குறைச்சுச் சொன்னா அனுபவப்பட்ட ஆளு ரெண்டாவது தடவை உங்க போனை எடுக்கவே மாட்டான்.

புதுசா வர்றவங்க கோட்டை விடுறது ஏஆர்வியிலதான். டெக்சாஸ்ல விற்பனை விலை பொது ஆவணத்துல இருக்காது. கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல தெரியுறது வரிக்காகப் போட்ட மதிப்பு. ஜில்லோ வெப்சைட் காட்டுறது அனுமானம். நிஜ விலை எம்எல்எஸ்ல (ஏஜென்ட்டுகளோட விற்பனைப் பட்டியல்) மட்டும்தான், அதுக்கு ஒரு ஏஜென்ட் தயவு வேணும். அவங்களுக்குப் பிரதியா ஏதாவது செய்யுங்க, உதாரணமா ஒப்பந்தத்துக்கு ஒத்துவராத வீட்டை லிஸ்ட் பண்ண அவங்ககிட்ட அனுப்பலாம். அவங்ககிட்ட கேக்க வேண்டியது, ஒப்பிட இந்த மாதிரி வீடுகளோட விற்பனை விலை: அதே சப்டிவிஷன் (குடியிருப்பு) இல்லன்னா அரை மைலுக்குள்ள, ஆறு மாசத்துக்குள்ள வித்தது, சதுர அடி 20 சதவீத வித்தியாசத்துக்குள்ள, கட்டின வருஷம் கிட்டத்தட்ட ஒண்ணு. பெரிய ரோடையோ ரயில் பாதையையோ தாண்டினா அது வேற மார்க்கெட்.

ரிப்பேர்ல இந்த ஏரியாவுக்குன்னு ஒரு வில்லன்: மண். டல்லாஸ் உக்கார்ந்திருக்கிறது கோவில்பட்டி மாதிரி கரிசல் மண்ணுல. மழையில உப்பும், கோடையில வெடிக்கும், மேல இருக்கிற ஸ்லாப் (வீட்டுக்கு அடியில போட்ட கான்கிரீட் தளம்) வளையும். கதவு மூடலையா, ஜன்னல் மூலையில சாய்ஞ்ச விரிசல் இருக்கா, வெளிச் செங்கல்ல படிக்கட்டு மாதிரி பிளவு ஓடுதான்னு பாருங்க. பழைய வீட்டுல ஸ்லாபுக்கு அடியில வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய் இருக்கும். ஃபவுண்டேஷனைத் தூக்கும்போது அதுவும் உடையலாம், அதனால முன்னாடியும் பின்னாடியும் பிளம்பிங் டெஸ்ட் பண்ணச் சொல்லுவாங்க. 1965லருந்து 73 வரைக்கும் கட்டின வீடுன்னா அலுமினிய வயரிங் இருக்கான்னு பாருங்க. பெயின்ட், தரையெல்லாம் கண்ணால பாத்தே கணக்குப் போட்டுரலாம். மேல சொன்னது எதுவும் போட்டோவுல தெரியாது.

எஸ்க்ரோ ஏகாம்பரம்:
வாங்க ஆள் கிடைக்காவிட்டால் எவ்வளவு போகும் என்ற மூன்றாவது கேள்விக்கு. டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷனின் ஒன்று முதல் நான்கு குடும்ப வீட்டு ஒப்பந்தப் படிவத்தில் ஆப்ஷன் பீரியட் என்று ஒன்று உண்டு. ஒரு சின்ன ஆப்ஷன் ஃபீ, 100 முதல் 300 டாலர் என்று வையுங்கள், அதைக் கொடுத்துவிட்டால் குறித்த நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். அட்வான்ஸ் பணமும் திரும்பி வரும்.

சிக்கல் தேதிகளில். ஒப்பந்தம் அமலுக்கு வந்து 3 நாளைக்குள் ஆப்ஷன் ஃபீயும் அட்வான்ஸும் டைட்டில் கம்பெனிக்கு (சொத்துரிமையைச் சரிபார்த்து, பணத்தைப் பிடித்துவைத்து, விற்பனையை முடித்துத் தரும் கம்பெனி) போய்ச் சேர வேண்டும். ஃபீ போகவில்லை என்றால் விலகும் உரிமையே கிடையாது. விலகல் கடிதம் கடைசி நாள் மாலை 5 மணிக்குள் எழுத்தில் போக வேண்டும், 5:10 என்றால் அட்வான்ஸ் ஆபத்தில். புதியவர்கள் குறைந்தது 10 நாள் ஆப்ஷன் கேட்பது நல்லது. 5 நாளில் வாங்குபவரைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டுவதற்கே நேரம் போதாது.

உரிமையை மாற்றிக்கொடுக்கும் அன்றே வாங்குபவரிடம் திருப்பித் தராத டெபாசிட், 3,000 முதல் 5,000 வரை, டைட்டில் கம்பெனியில் கட்டச் சொல்லுங்கள். அது ஆப்ஷன் முடிவதற்கு முன்பே நடக்க வேண்டும். "வாங்கிக்கிறேன் ப்ரோ" என்ற வாட்ஸ்அப் செய்தி டெபாசிட் ஆகாது.

எல்லா டைட்டில் கம்பெனியும் அசைன்மென்ட் (இப்படி ஒப்பந்த உரிமையை மாற்றுவது) செய்வதில்லை. இரண்டு மூன்று இடத்தில் முதலிலேயே கேட்டு வையுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே டைட்டில் தேடச் சொல்லுங்கள், ஏனெனில் வியாபாரம் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். குடியிருக்கும் வீடென்றால் பத்திரம் ஒருவர் பெயரில் இருந்தாலும் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும். அப்பா காலமாகி மூன்று பிள்ளைகள் என்றால் மூவரும். அதில் ஒருவர் வேறு மாநிலத்தில், பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்! வரி பாக்கி, வருமான வரித் துறை (ஐஆர்எஸ்) சொத்து மேல் போட்ட பிடிப்பு, எச்ஓஏ (குடியிருப்போர் சங்கம்) பாக்கி எல்லாம் சேர்ந்து 1,41,000ஐத் தாண்டினால் விற்பவருக்குக் கையில் எதுவும் மிஞ்சாது, கையெழுத்தும் வராது.

வங்கி கைப்பற்றிய வீடுகளின் ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. அங்கே இரட்டை க்ளோசிங் வேண்டும், அதாவது நீங்களே வாங்கிப் பிறகு விற்பது, இரண்டு முறை செலவு. முதல் வியாபாரத்துக்கு அது வேண்டாம்.

ஃப்ரிஸ்கோவாசி:
நன்றி. அப்படியென்றால் முதலில் வீடு தேடுவதா, வாங்குபவரைத் தேடுவதா? கடன் கட்டாமல் ஏலத்துக்கு வரும் வீடுகள்தான் சுலபம் என்கிறார்களே?

கரிசல்காட்டான்:
வாங்குறவங்க முதல்ல. நாலஞ்சு பேர்கிட்ட எந்த ஜிப் கோடு, எந்த வருஷத்து வீடு, என்ன விலை வரைக்கும்னு கேட்டு எழுதிக்கிட்டு அதுக்கேத்த தெருவுல தேடுங்க. கவுண்டி கிளர்க் ரெக்கார்டுல எல்எல்சி பேர்ல பதிவான பத்திரம் பாருங்க. அதே நாள்ல கூடவே அடமானப் பத்திரம் இல்லன்னா அநேகமா ரொக்கம். அதே எல்எல்சி வருஷத்துல மூணு தடவை வந்தா அவரைப் பிடிங்க.

எஸ்க்ரோ ஏகாம்பரம்:
ஏல வீடு சுலபமில்லை. டெக்சாஸில் ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய் ஏலம், 21 நாள் முன்பு நோட்டீஸ் ஒட்டுவார்கள். அந்த நோட்டீஸைப் பார்த்து ஐம்பது பேர் அதே கதவைத் தட்டுவார்கள். ஏலத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒப்பந்தம் போட்டு, ஆள் கிடைக்காமல் நீங்கள் விலகினால், உங்களுக்கு 200 டாலர் நஷ்டம், அந்தக் குடும்பத்துக்கு வீடே போகும். கையில் உறுதியான ஆள் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். காலியாகக் கிடக்கும் வாரிசு வீடு, வெளியூரில் இருக்கும் ஓனரின் வாடகை வீடு, இவற்றில் தொடங்கலாம்.

பேப்பர்புலி:
5,000த்தைப் பிரிக்கும் விதம்: எல்எல்சிக்கு 300, ஒப்பந்தப் படிவங்களை டெக்சாஸ் ரியல் எஸ்டேட் வக்கீல் பார்க்க ஒரு 700, வீட்டு ஓனர்களுக்கு அனுப்பும் அஞ்சலட்டைக்கு 2,000, இரண்டு ஒப்பந்தத்தின் ஆப்ஷனுக்கும் அட்வான்ஸுக்கும் 1,000. மீதி 1,000ஐத் தொடாதீர்கள். அட்டையை ஒரே தடவையில் கொட்டாமல், அதே 500 ஓனர்களுக்கு நாலைந்து மாதம் திரும்பத் திரும்ப அனுப்புங்கள். பதில் நூற்றுக்கு ஒன்றுகூட வராது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

கூலி வந்ததும் முழுதும் லாபம் என்று எண்ண வேண்டாம். அது சாதாரண வருமானம். வருமான வரியோடு 15.3 சதவீதம் செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் வரியும் உண்டு. வருகிற ஒவ்வொரு காசோலையிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15ஆம் தேதிகளில் உத்தேச வரி கட்டச் சொல்லுங்கள்.