சரியா நாலு நிமிஷத்துல ஊமையாகும் ரேடியோ: டிஐஎஸ் குரல் பிரச்சினை

பிடிடி_விரல்:
வணக்கம். பெங்களூரு முருகேஷ்பாளையாவில் ஒரு சின்ன சிமுலேட்டர் கடையில் வேலை. கடைன்னுதான் சொல்லணும், மொத்தம் ஆறு பேர். காக்பிட் பிசி மூணு, பயிற்றுநர் மேஜையில் ஒண்ணு. ரேடியோ குரலெல்லாம் டிஐஎஸ் (சிமுலேட்டர்கள் நெட்வொர்க்கில் ஒண்ணோடொண்ணு பேசிக்கிற முறை), யூடிபி 3000-இல் மல்டிகாஸ்ட், அதாவது ஒரு தடவை அனுப்பினா கேக்குற பிசி எல்லாத்துக்கும் போகும். போன வாரம் எஸ்.பி. ரோட்டில் மேனேஜ்டு சுவிட்ச் (செட்டிங்ஸ் மாத்தக்கூடிய நெட்வொர்க் சுவிட்ச்) வாங்கி மாட்டினேன். அன்னிலேர்ந்து ஆரம்பிச்ச நாலு நிமிஷத்துல பயிற்றுநருக்குச் சத்தமே வர்றதில்ல. கேபிளைப் பிடுங்கிச் சொருகினா வருது. ஹெட்செட் மேல பழியைப் போட்டு புதுசு ரெண்டு வாங்கிட்டேன், ஓனருக்கு இன்னும் தெரியாது.

இது போக, குரல் துல்லியமா இருக்கட்டும்னு ரெண்டாவது காக்பிட்டை மட்டும் மியூ-லாவிலிருந்து (குரலைச் சுருக்கி சாம்பிளுக்கு ஒரு பைட்டா அனுப்புற முறை) 16 பிட் பிசிஎம்முக்கு (சுருக்காம சாம்பிளுக்கு ரெண்டு பைட்) மாத்தினேன். சூடான தோசைக்கல்லில் தண்ணி தெளிச்ச சத்தம்தான் வருது.

எங்க பயிற்றுநர் விமானப்படையில் இருந்தவர். அவர் புகார் வேற: "ரெண்டு பேர் ஒரே நேரத்துல பட்டனை அமுக்கினா ரெண்டு குரலும் தெளிவா கேக்குதேப்பா, இது ரேடியோவா, டீக்கடையா?"

அல்சூர்_ஏரி:
நாலு நிமிஷமா, நாலு நிமிஷம் இருபது வினாடியா? கடிகாரம் வெச்சுப் பாருங்க. 260 வினாடின்னா ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்தான். அதாவது, எந்த போர்ட்ல யார் கேக்குறாங்கன்னு சுவிட்ச் ஒரு கணக்கு வெச்சிருக்கும். "இன்னும் கேக்குறீங்களா?"ன்னு 125 வினாடிக்கு ஒரு தடவை விசாரிக்க நெட்வொர்க்கில் ஒரு குவெரியர் வேணும். உங்ககிட்ட ரவுட்டர் கிடையாது, அதனால விசாரிக்க ஆளில்ல. ரெண்டு சுற்றும் பத்து வினாடியும் பார்த்துட்டு கணக்கிலிருந்து பேரை அடிச்சிடும். கேபிளைச் சொருகினா பிசி மறுபடி பேர் கொடுக்கும். பழைய சுவிட்ச் பாவம், எல்லா போர்ட்டுக்கும் கத்திக்கிட்டு இருந்திருக்கும், அதான் பிரச்சினை தெரியல.

சுவிட்ச் மெனுவில் குவெரியரை ஆன் பண்ணுங்க. நாலு பிசிக்கு ஸ்னூப்பிங்கையே அணைச்சாலும் பாதகமில்ல, மியூ-லா குரல் ஒண்ணுக்கு 90 கிலோபிட் சொச்சம்தான்.

தோசைக்கல் விஷயம்: சிக்னல் பிடியுவில் (டிஐஎஸ்-இல் குரலைச் சுமக்குற பாக்கெட்) 16 பிட் சாம்பிளோட மதிப்பு பெரிய பைட் முன்னாடி போகணும். இன்டெல் பிசி தலைகீழா வைக்கும். அனுப்புறப்ப ஒவ்வொரு சாம்பிளையும் திருப்பிப் போடுங்க. மியூ-லா ஒரே பைட், அதான் தப்பிச்சுது.

ஓய்வு_விஎச்எஃப்:
தம்பி, உங்க பயிற்றுநர் சொல்றதுதான் இதுல பெரிய விஷயம். விமான விஎச்எஃப் ரேடியோ ஏஎம் வகை, கேரியர்ங்கிற அலையோட உயரத்தை மாத்திக் குரலை அனுப்பும். ரெண்டு கேரியர் மோதினா அந்த அலைவரிசை வித்தியாசம் விசிலா கேக்கும், பேச்சு அமுங்கிடும். 1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனரிஃப் தீவு, ஓடுபாதையில கேஎல்எம், பான் ஆம் விமானங்கள் மோதின விபத்து. "காத்திரு"ன்னு டவர் சொன்னதும், "நாங்க இன்னும் ஓடுபாதையில இருக்கோம்"னு பான் ஆம் சொன்னதும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து, கேஎல்எம் காக்பிட்டில் கீச்சுன்னு ஒரு சத்தம்தான். 583 பேர் போனாங்க. குரல் ரெண்டையும் பளிச்சுன்னு கலந்து கொடுத்தா, "மறுபடி சொல்லுங்க"ன்னு கேக்குற பழக்கம் மாணவனுக்கு எப்படி வரும்?

ஒரே ஃப்ரீக்வென்சியில் டிரான்ஸ்மிட்டர் பிடியு (ரேடியோவோட நிலையைச் சொல்ற பாக்கெட்) ரெண்டு "ஒலிபரப்புகிறேன்" நிலையில் வந்தா, வாங்குற பக்கம் குரல்களைக் கீழே தள்ளி ஒரு டோனைக் கலந்து விடு. ஒண்ணு மறக்காதே: அமுக்கினவனுக்கு எதுவும் கேக்கக் கூடாது. அவன் ரிசீவர் அப்ப மூடியிருக்கும்.

பிடிடி_விரல்:
அல்சூர்க்காரரே, ஸ்டாப்வாட்ச்ல 4:21 காட்டுச்சு! குவெரியர் போட்டு ரெண்டு மணி நேரமாச்சு, ஓடிக்கிட்டு இருக்கு. பைட்டையும் திருப்பியாச்சு, தோசை நின்னுபோச்சு.

பெரியவர் சொன்ன மாதிரி 800 ஹெர்ட்ஸ் டோன் போட்டேன். பயிற்றுநர் ஹெட்செட்டைக் கழட்டி வெச்சுட்டு, "இப்பதான்யா ரேடியோ"ன்னார். ஆனா ஸ்பீக்கரில் ஓடவிட்டு சோதிச்சதுல பக்கத்து பல் டாக்டர் வந்து "என்ன சார் மெஷின் அது?"ன்னு விசாரிச்சுட்டுப் போனார். டோனை குரலை விட எத்தனை டெசிபல் மேலே வைக்கிறது, அண்ணா?